வரிசையை வகுப்பவர் யார்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டே நாள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளுக்கு அது வியாபார நேரம். அன்று முற்பகலில் நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. காஞ்சிபுரத்தின் செவிலிமேட்டு டீக்கடையானாலும் சரி, காந்தி ரோட்டுப் புடவைக்கடையானாலும் சரி, ஸ்கேன் செய்தவருக்கு அன்று உத்தரவாதம் இல்லை. சிலருக்குப் பணம் போகவில்லை. சிலருக்குப் போனதா இல்லையா என்பதே தெரியவில்லை. அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 1,830 கோடிப் பரிவர்த்தனைகளைச் சுமந்த அமைப்பு அது. பண்டிகைக் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பின்னர் வெளிவந்த காரணம் வேறு. 'அந்தப் பணம் என்ன ஆயிற்று?' என்று வங்கிகளின் கணினிகள் விடாமல் கேட்ட கேள்விகளே வழியை அடைத்திருந்தன. பதில் தாமதமானால் மறுபடி கேட்பது, அதற்கும் தாமதமானால் இன்னொரு முறை கேட்பது. இப்படியே பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் கேள்விகள் குவிந்தன. பணம் அனுப்ப வந்தவர்களைவிட, அனுப்பிய பணத்தை விசாரிக்க வந்தவர்களே வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள் எனலாம்.

யுபிஐயை நடத்தும் என்பிசிஐ இதற்குக் கண்ட வைத்தியத்தைக் கவனிக்க வேண்டும். விதிகளை எழுதி வங்கிகளுக்கும் செயலி நிறுவனங்களுக்கும் அனுப்பியது. ஒரு பரிவர்த்தனையின் நிலையைக் கேட்பதற்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒருவர் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் வங்கி இருப்பைப் பார்க்க முடியாது. மாதத் தவணைபோலத் தானாகப் பிடிக்கப்படும் பணத்தை, நெரிசல் மிகுந்த காலை 10 முதல் பகல் 1 மணி வரையும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் தவிர்த்து மற்ற நேரங்களில்தான் பிடிக்க வேண்டும். இந்த விதிகள் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. யார் முதலில், யார் பிறகு, யார் எத்தனை முறை என்பதைத் தீர்மானிப்பவை இவை. நம் அன்றாட வாழ்வை இப்போது இப்படிப்பட்ட விதிகளே வரிசைப்படுத்துகின்றன. அவற்றை எங்கே, எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் கணினிக்காரர்களின் சொந்த விஷயமென்று விட்டுவிட முடியாது. அவை எழுத்தில் இருக்க வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும், தவறென்றால் திருப்பிக்கொள்ள முடிய வேண்டும். பொதுமக்களைத் தொடுபவை பொதுவில் தெரியவும் வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

முதலில் அந்த வாசல் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பெரிய இணையச் சேவை எதுவும் ஒரே கணினியில் ஓடுவதில்லை. பத்தோ நூறோ சர்வர்கள் பின்னால் இருக்கும். நாம் பார்ப்பது ஒரே முகவரி. அந்த முகவரியில் நின்று, வருகிற ஒவ்வோர் இணைப்பையும் ஏதாவதொரு சர்வருக்குத் திருப்பிவிடுவதுதான் லோடு பேலன்சர். இதில் நெட்வொர்க் லோடு பேலன்சர் என்பது ஒரு வகை. உள்ளே என்ன கேட்கிறீர்கள் என்று அது பிரித்துப் படிப்பதில்லை. எந்த முகவரியிலிருந்து வருகிறீர்கள், எந்த முகவரிக்குப் போகிறீர்கள், இருபுறமும் எந்தப் போர்ட், எந்த நெறிமுறை என்ற ஐந்து விவரம் போதும். படிக்காததால்தான் அதற்கு அத்தனை வேகம். இந்த வேலையை லினக்ஸ் கணினியிலேயே செய்யலாம் என்று காட்டிய எல்விஎஸ் திட்டத்தைச் சீனத்தின் வென்சாங் ஜாங் 1998-ல் தொடங்கினார். பிரான்சின் வில்லி டாரோ உருவாக்கிய எச்ஏபிராக்ஸி 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தது, இரண்டும் இன்றுவரை உழைக்கின்றன.

திருப்பிவிடுவதற்கு விதி வேண்டுமல்லவா? ஆளுக்கொன்றாக முறைவைத்து அனுப்பலாம். அதை ரவுண்ட் ராபின் என்பார்கள். யாரிடம் கூட்டம் குறைவோ அவரிடம் அனுப்பலாம். அது லீஸ்ட் கனெக்‌ஷன். ஒரே முகவரியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பலாம். அது சோர்ஸ் முறை. கேட்பதற்கு மூன்றும் நியாயமாகவே தோன்றும். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நம் ஊர் செல்போன் இணைப்புகளில் பல, தனி முகவரியோடு வெளியே போவதில்லை. பற்றாக்குறையால், ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துத்தான் நிறுவனங்கள் வெளியே அனுப்புகின்றன. லோடு பேலன்சரின் கண்ணுக்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். முகவரியை வைத்துப் பிரித்தால் அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே சர்வரின் தலையில் விழும். 'ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு இத்தனை முறைதான்' என்று வரம்பு வைத்தால் இன்னும் மோசம். வீட்டில் தனி இணைப்பு வாங்க வசதி உள்ளவர் உள்ளே போவார். செல்போன் டேட்டாவை நம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவி வெளியே நிற்பாள். விதியை எழுதியவருக்கு அப்படியொரு நோக்கமே இருந்திருக்காது. நோக்கம் இல்லாமலே பாரபட்சம் நடக்கும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அடுத்தது நலம் விசாரிப்பு. பின்னால் இருக்கும் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று லோடு பேலன்சர் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எச்ஏபிராக்ஸியில் இந்தச் சோதனையை இயக்கிவிட்டு வேறெதுவும் குறிப்பிடாமல் விட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை தட்டும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் அந்தச் சர்வரை ஒதுக்கிவிடும். மறுபடி இரண்டு முறை ஒழுங்காகப் பதில் சொன்னால் சேர்த்துக்கொள்ளும். இந்த எண்களை மாற்றுவது விளையாட்டல்ல. நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றும் தன் சக்தியில் 80 சதவீதம் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று விழுந்தால் அதன் பங்கு மற்ற மூன்றின் மேல் விழும். ஒவ்வொன்றுக்கும் 106 சதவீதத்துக்கு மேல் சுமை. திணறலில் அவை பதில் சொல்லத் தாமதிக்கும். தாமதத்தைப் பார்த்து லோடு பேலன்சர் இன்னொன்றையும் நோயாளி என்று ஒதுக்கும். மிச்சமிருக்கும் இரண்டுக்கும் 160 சதவீதம். சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் சர்வரைப் பழுது வீழ்த்தியது. மற்றவற்றை வீழ்த்தியது விதி.

இந்த விதிகளை மாற்றும் இடம்தான் கமாண்ட் லைன். படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். பட்டுப்புடவை விற்கும் ஒரு தளத்துக்கு நான்கு சர்வர்கள் இருக்கின்றன; மூன்றாவதைப் பழுது பார்க்க வேண்டும். எச்ஏபிராக்ஸிக்குக் கொடுக்கும் கட்டளையைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: செட் சர்வர் பட்டு/மூன்று ஸ்டேட் டிரெயின். அந்த வரி போய்ச் சேர்ந்ததும் மூன்றாம் சர்வருக்குப் புதிதாக வரும் ஆளை அனுப்புவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் புடவையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டுக் கிளம்பலாம். யாரையும் பாதியில் வெளியே தள்ளுவதில்லை. எல்லாரும் போன பிறகு பழுது பார்த்து, 'வெயிட் 10%' என்று முதலில் சிறிய பங்கைக் கொடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் முழுப் பங்குக்கு உயர்த்துவார்கள். கடையில் இருந்த வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் லட்சணம்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். ஒற்றை வரியில் இத்தனை அதிகாரமா, கை தவறினால் என்ன ஆவது? பொத்தானும் எச்சரிக்கைப் பெட்டியும் உள்ள திரைதானே பாதுகாப்பு? மறுப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் கட்டணக் கணக்குப் பிரிவு மெதுவாக ஓடியதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் சில சர்வர்களை நீக்கக் கட்டளையிட்டார். கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகிவிட்டது; நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கின. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவிலிருந்து இயங்கிய அந்தச் சேவை சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. அதை நம்பியிருந்த எண்ணற்ற தளங்களும் கூடவே படுத்தன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம்போல மறைந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் தொடக்கம் ஒரு கட்டளைதான். வலைப்பின்னலின் கொள்ளளவை அளந்து பார்க்கக் கொடுத்த கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது.

ஆனால் இரண்டு சம்பவங்களையும் முழுதாகப் படித்தால் விரல்மேல் பழி நிற்காது. அமேசான் விசாரணைக்குப் பிறகு கட்டளையிடும் பழக்கத்தைக் கைவிடவில்லை, கருவியைத் திருத்தியது. சர்வர்களை மெல்ல மெல்லத்தான் நீக்க முடியும், குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகவே முடியாது என்று கருவிக்குள்ளேயே வரம்பு வைத்தது. ஃபேஸ்புக்கில் தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவி இருந்தது. அதில் இருந்த பிழையால் தடுக்கவில்லை. அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி இருந்தது: தரவு மையத்தோடு பேச முடியவில்லையென்றால் தன்னையே நோயாளியாகக் கருதி, இணையத்துக்குக் கொடுத்த தன் வழிகாட்டும் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு சர்வருக்குக் கோளாறு என்றால் அது நல்ல விதி. அன்று எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் தங்களை நோயாளிகள் என்று முடிவு செய்து, எல்லாம் சேர்ந்து வெளியேறின. உலகத்துக்கு அந்த நிறுவனத்தின் முகவரியே தெரியாமல் போயிற்று. எல்லாரும் நோயாளி என்றால் யாரும் நோயாளியில்லை என்று எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் அனுப்பு என்ற மாற்று விதியும் உண்டு. அமேசானின் நெட்வொர்க் லோடு பேலன்சர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. எது சரி என்பதை நிதானமாக உட்கார்ந்து முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். நெருக்கடி நேரத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது.

பொத்தான் இந்த ஆபத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை, மறைக்கிறது. தவறான பெட்டியில் டிக் அடித்தாலும் விளைவு அதேதான். கட்டளை என்பது எழுத்து. அதைக் கொடுப்பதற்கு முன் சக ஊழியரிடம் காட்டலாம், பிழை பார்க்கலாம், நிஜச் சர்வரில் ஓட்டாமல் ஒத்திகை பார்க்கலாம், யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று குறித்து வைக்கலாம், நேற்றிருந்த நிலைக்குத் திரும்பலாம். ஒரு குழப்பத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எச்ஏபிராக்ஸிக்குக் கொடுக்கும் கட்டளை அதன் நினைவில்தான் பதியும். கட்டமைப்புக் கோப்பில் பதியாது. மறுபடி தொடங்கினால் பழைய விதியே திரும்பி வரும். எல்விஎஸ்-க்கான ஐபிவிஎஸ்அட்மின் கட்டளையும் அப்படித்தான். தனியே சேமித்து வைத்தால்தான் உண்டு. நள்ளிரவில் அவசரத்துக்குக் கொடுத்த ஒரு வரியை யாரும் கோப்பில் ஏற்றாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து மின்தடைக்குப் பிறகு சர்வர் எழும்போது பழைய கோளாறும் கூடவே எழும். ஆகவே கமாண்ட் லைன் தன்னளவில் ஒழுக்கத்தைத் தந்துவிடாது. விதி கோப்பில் இருக்க வேண்டும், கோப்பின் வரலாறு பத்திரமாக இருக்க வேண்டும், கட்டளை அந்தக் கோப்பிலிருந்து புறப்பட வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட் போன்ற கருவிகளை இதற்காகவே வலைப்பின்னல் பொறியாளர்களும் கையாள்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் எளிமையானது. கூட்டம் அதிகமென்றால் இன்னும் பத்து சர்வர் வைத்தால் போயிற்று. கிளவுட் காலத்தில் பணம் கொடுத்தால் கிடைக்காத சர்வரா? சில இடங்களில் இது சரியான பதில்தான். பல இடங்களில் பயன்படாது. செவிலிமேட்டுக்குப் பக்கத்திலேயே, சின்ன காஞ்சிபுரத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 40 ஆண்டுகளுக்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை, 47 நாள் அத்தி வரதர் வரதராஜப் பெருமாள் கோயில் வசந்த மண்டபத்தில் காட்சி கொடுத்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாக மதிப்பிட்டார்கள். வந்தவாசிப் பக்கமிருந்து வந்த கூட்டம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிச் செவிலிமேடு வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தது. பேருந்துகளைக் கூட்டலாம், தற்காலிகப் பேருந்து நிலையங்களைக் கூட்டலாம், பந்தலையும் கூட்டலாம். வசந்த மண்டபத்தை அகலப்படுத்த முடியாது. ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பெருமாளைக் கடக்க முடியும் என்பது மண்டபம் விதித்த வரம்பு. வெளியே எங்கே நிறுத்தி வைப்பது, பொது வரிசைக்கும் விஐபி வரிசைக்கும் என்ன பங்கு, உள்ளே நின்றுவிட்டால் பின்னால் வருபவரைத் தடுப்பது எப்படி என்ற விதிகள்தான் மீதி எல்லாவற்றையும் தீர்மானித்தன. ஜூலை 18 அன்று கூட்ட நெரிசலில் நால்வர் உயிர் போனது. ஆட்களை விரைவாகக் கொண்டுவந்து சேர்ப்பது, உள்ளே விடும் விதி சரியாக இல்லாவிட்டால், நெரிசலைத்தான் கூட்டும்.

ரயில்வேயின் தட்கல் முன்பதிவும் அதே இனம். காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்கு மற்றவை. 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானதாக ரயில்வே பெருமையோடு அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: தட்கல் தொடங்கும் முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வோரில் பாதி வரை தானியங்கி பாட்கள், சந்தேகத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. சர்வர்களை இரட்டிப்பாக்கியிருந்தால் பாட்களும் சேர்ந்துதான் வேகமாக உள்ளே போயிருக்கும். இருக்கை எண்ணிக்கையோ அதே. அதனால் விதியை மாற்றினார்கள். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே இணையத்தில் தட்கல். முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு வாசல் மூடல். சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் போக நினைப்பவருக்கு இது நன்மையாக இருக்கலாம். தானே பதிவு செய்யத் தெரியாமல், பக்கத்துக் கடை ஏஜெண்டை நம்பியிருக்கும் முதியவருக்கு அதே அரை மணி நேரம் இழப்பு. இரண்டில் எதைப் பெரிதாக நினைப்பது என்பதற்குக் கணினியில் விடை இல்லை. அது ஆட்சி சம்பந்தப்பட்ட முடிவு. கணினி அதை நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான்.

நல்ல விதி சில நேரம் கூட்டத்தையே கரைத்துவிடும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே நிமிடத்தில் ஒரே பக்கத்தைத் தட்டுகின்றன. இப்போது முடிவு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அரசின் தளங்களிலும் டிஜிலாக்கரிலும் பார்க்கலாம். பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் மதிப்பெண் வந்துவிடுகிறது. பல தளங்களாகப் பிரித்தது சுமையைப் பகிர்ந்தது. குறுஞ்செய்தி செய்தது அதைவிடப் பெரியது: வந்து கேட்க வேண்டிய தேவையையே எடுத்துவிட்டது. யுபிஐ சிக்கலையும் இதன் வெளிச்சத்தில் பார்க்கலாம். பணம் என்ன ஆயிற்று என்று வங்கி பத்து முறை கேட்பதைத் தடுப்பது ஒரு வழி; ஆனதும் யுபிஐ அமைப்பே சொல்லிவிடுவது இன்னொரு வழி. வாசலில் காவலை இறுக்குவதற்கு முன், இத்தனை பேர் ஏன் வாசலுக்கு வருகிறார்கள் என்று கேட்பவரே திறமையான பொறியாளர்.

விதிகளை வெளியே சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது கடைசி மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் எல்லைக்குட்பட்ட உண்மை. பாட்டை எந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடிக்கிறோம் என்பதை அறிவிக்கத் தேவையில்லை. திருடனுக்குச் சாவி இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஒருவருக்கு எத்தனை வாய்ப்பு, யாருக்கு முன்னுரிமை, எந்த நேரத்தில் எந்த வேலை ஒத்திவைக்கப்படும் என்பவை வேறு வகை. ஒரு நாளைக்கு 50 முறை என்ற வரம்பு எல்லாருக்கும் தெரிந்ததால் யுபிஐக்கு எந்தக் கேடும் வரவில்லை. வரம்பைத் தாண்டியவருக்கு ஏன் தடை வந்தது என்று புரிந்தது. ஏஜெண்டுகளுக்கு அரை மணி நேரத் தடை என்பதை ரயில்வே முன்கூட்டியே அறிவித்ததால்தான் அதை ஆதரிக்கவும் எதிர்க்கவும் நம்மால் முடிகிறது. அறிவிக்காத விதிக்கு மேல்முறையீடு கிடையாது. 'சர்வர் பிசி' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ளும் எந்த அலுவலகத்தையும் கேள்வி கேட்க வழியில்லை.

ஆகவே, பொதுப்பணத்தில் ஓடும் சேவைகளிடம் குடிமக்கள் கேட்கக்கூடியவை சில உண்டு. எதற்கும் கணினிப் படிப்பு தேவையில்லை. ரேஷன், பட்டா, உதவித்தொகை, முன்பதிவு எதுவானாலும், நெரிசல் நேரத்தில் யாரை முதலில் விடுகிறீர்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா? ஒரு முகவரிக்குப் பின்னால் நூறு பேர் இருக்கலாம் என்பதை விதி கணக்கில் எடுத்ததா? பாதியில் நிற்கும் விண்ணப்பதாரரை வெளியே தள்ளாமல், வேலை முடிந்தபின் சர்வரை மூடும் வழக்கம் உண்டா? போன முறை முடங்கியபோது மாறியது சர்வரா, விதியா? அந்த மாற்றத்தில் இரண்டாவது ஆளின் கையெழுத்து இருக்கிறதா? நன்றாக நடக்கும் நிறுவனத்தில் இதற்கெல்லாம் விடை ஏற்கெனவே ஒரு கோப்பில், தேதியோடும் காரணத்தோடும் கிடக்கும். எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகாது. காட்ட முடியாத இடத்தில் இல்லாதது வேகமான சர்வர் அல்ல, பொறுப்பு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சர்வர்களின் எண்ணிக்கையோடு இந்தக் கோப்பையும் கேட்டு வாங்கும் பழக்கம் நம் அரசு அலுவலகங்களுக்கு வர வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த பண்டிகை நெரிசலுக்கு முன்பே தொடங்கலாம்.